முதல் படகு எது? இரணைமடுவுக்கும் முல்லைத்தீவுக் கரைக்கும் நடுவில் ஒரு கணக்கு

வன்னியில் ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகம் இருக்கும். கழகம் என்றால் ஒரு கரப்பந்து வலை, ஒரு உதைபந்து மைதானம், கோயில் திருவிழாவை ஒட்டி ஒரு சுற்றுப்போட்டி. குளமும் ஊருக்கு ஒன்று இருக்கும். ஆனால் குளத்தை மைதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. கொழும்பில் பேர வாவியை வெள்ளைக்காரர் அப்படிப் பார்த்து 1864 இலேயே படகோட்டக் கழகம் வைத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துச் சென்னையிலும் ஒன்று வந்தது. அவை துரைமாரின் பொழுதுபோக்காகத் தொடங்கியவை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்குகிற கழகத்துக்கு அந்த வழி சரிவருமா என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: முதல் காசில் எந்தப் படகை வாங்குவது?

படகோட்டம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது ஒலிம்பிக்கில் பார்க்கிற ஒடுங்கிய பந்தயப் படகு. ஒருவர் ஓட்டுகிற படகு ஏறத்தாழ 8 மீற்றர் நீளம். விதிப்படி குறைந்தது 14 கிலோ எடை இருந்தால் போதும். இரண்டு அரிசி மூட்டை தூக்குகிறவர் ஒரு கையால் தூக்கிவிடுவார். உள்ளே இருக்கை முன்னும் பின்னும் உருளும், கால்தான் பெரும்பகுதி வேலையைச் செய்யும், ஓட்டுபவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி இருப்பார். அழகான படகு. ஆனால் கண்ணாடி மாதிரி தண்ணீர் வேண்டும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் பத்து மணிக்குப் பிறகு கிளிநொச்சியின் இரணைமடுக் குளக் கட்டோரம் அலை அடிக்கத் தொடங்கிவிடும். மிஞ்சுவது விடியற்காலை. அதுதான் குளத்து மீனவர் வலை எடுக்கிற நேரமும். முதுகைக் காட்டிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு வலையின் மிதப்பு தெரியாது, தண்ணீர் வற்றும்போது தலைகாட்டுகிற பட்ட மரக்கட்டையும் தெரியாது. ஒரு குத்து விழுந்தால் அந்த மெல்லிய படகு உடலைத் திருத்தப் பழகிய கை இங்கே கிடைக்காது.

அடுத்தது டிராகன் படகு. 20 பேர் சவள் (கைத்துடுப்பு) போடுவார்கள், ஒருவர் அணியத்தில், அதாவது முன்முனையில், இருந்து மேளம் அடிப்பார், ஒருவர் கடையாரில், அதாவது பின்முனையில், நின்று சுக்கான் பிடிப்பார். எல்லோரும் முன்னே பார்த்து இருப்பதால் தோணியில் சவள் போட்ட பிள்ளை ஒரே பின்னேரத்தில் பழகிவிடும். 2010 இல் குவாங்சோவில் ஆசிய விளையாட்டிலும் பதக்கப் போட்டியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மேளம் இருக்கிற விளையாட்டு. எங்கட சனத்துக்கு அதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு வருடத்துக்கு முன்னர் கேட்டிருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

தடுக்கிற விஷயம் ஆள் எண்ணிக்கை. 20 பேரை ஒரே நேரத்தில் குளக்கட்டுக்கு வரவைத்துப் பாருங்கள். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை. உயர்தரப் பிள்ளைக்குப் பின்னேரம் தனியார் வகுப்பு. கடலுக்குப் போகிறவருக்கு இரவு தொழில், பகல் நித்திரை. 11 பேர் வந்த நாளில் வந்தவர்களும் கரையில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். 10 பேர் ஓட்டுகிற சின்ன வகையும் உண்டு, அது பாதிச் சிக்கலைத் தீர்க்கும். மீதிப் பாதி இருக்கத்தான் செய்யும். கயாக்கைப் பற்றி ஒரு வரி: தனியாகப் பயில நல்லது, கழகமாகக் கூடுவதற்கு உதவாது.

மூன்றாவதைப் பற்றி இங்கே பேச்சே குறைவு: கரையோரப் படகோட்டம். ஒடுங்கிய படகில் போலவே தண்டு (நீளத் துடுப்பு) வலித்தல், அதே உருளும் இருக்கை. படகு மட்டும் அகலம், கனம். ஒருவர் படகு 6 மீற்றர், 35 கிலோ. இருவர் படகு 7.5 மீற்றர், 60 கிலோ. நால்வரும் சுக்கானியும் ஏறுகிற படகு 10.7 மீற்றர், 150 கிலோ. அலை உள்ளே அடித்தால் தண்ணீர் திறந்த கடையார் வழியாகத் தானே வடிந்துவிடும். வேகம் குறைவு. ஒடுங்கிய படகுக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இதன் கடற்கரை விரைவோட்டம் முதல் தடவையாக வருகிறது: மணலில் ஓடிப் போய்ப் படகில் பாய்ந்து, மிதவைகளைச் சுற்றி 250 மீற்றர் போய்த் திரும்பி வந்து, மறுபடி இறங்கி ஓடி முடிக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் புதிதாகப் பழக்க வேண்டியது பாதிதான்.

என்னை மாற்றியது இந்த ஒலிம்பிக் கதை இல்லை, காற்றுக் கணக்கு. வாடை என்கிற வடகிழக்குக் காற்றுக் காலத்து மழையில் கனகராயன் ஆறு இறங்கி இரணைமடு நிரம்பும். அதே மாதங்களில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும். சோளகக் காலத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து திறந்து, ஆவணி புரட்டாதியில் குளம் அலைகரையை விட்டு உள்ளே போய்விடும். அப்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். குளமும் கடலும் மாறி மாறி வாசல் திறக்கின்றன. ஒடுங்கிய படகு வாங்கினால் வருடத்தில் பாதி கொட்டிலில் கிடக்கும். கரையோரப் படகு இரண்டு வாசலாலும் போகும். அடித்து உடைத்தாலும் மீன்பிடிப் படகுகளுக்கு பைபர் ஒட்டுகிறவர்கள் கரையிலேயே இருக்கிறார்கள்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. கிழக்குக் கரையில் சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் அசையாமல் தெரியும், களைத்துப்போன பிள்ளையை அதே காற்று வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஆகவே எஞ்சின் பூட்டிய பாதுகாப்புப் படகு ஒன்று கட்டாயம், அதற்கு எண்ணெய்ச் செலவும் கட்டாயம். கழகங்கள் கணக்குப் போடும்போது மறப்பது இந்தச் செலவைத்தான். இரணைமடுவில் வேறு பயம்: முதலை. 2018 மார்கழியில் போல வான்கதவு திறக்கிற நாட்களில் அந்தப் பக்கமே போகக் கூடாது. எந்தப் படகு என்றாலும் நீந்தத் தெரியாத பிள்ளையை ஏற்றக் கூடாது.

நடுவில் நந்திக்கடல் களப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அலை குறைவு, பார்க்க விரிவு. ஆனால் ஆழம் குறைவு, இறால் தொழில் நடக்கிற இடம், 2017 முதல் இயற்கை ஒதுக்கம். இன்னொரு காரணத்தை, போர் முடிந்த 2009 ஐத் தெரிந்தவர்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அந்தத் தண்ணீரில் போட்டிக்குத் துடுப்புப் போட எல்லோருக்கும் மனம் வராது.

யார் ஏறுவார்கள் என்பதையும் படகு தீர்மானிக்கிறது. கரப்பந்துத் திடலில் சாதாரண தரப் பரீட்சையோடு பெண் பிள்ளைகள் குறைந்துவிடுவார்கள். காலை இழந்தவர்கள் திடலுக்கு வெளியே கதிரையில் இருந்து கைதட்டுவார்கள். வன்னியில் அந்தக் கதிரைகள் கொஞ்சம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் படகோட்டம் 2008 பீஜிங்கிலிருந்து பராலிம்பிக்கில் இருக்கிறது. கையாலும் தோளாலும் மட்டும் வலிப்பவர்களுக்கு உருளாத இருக்கையும் பக்க மிதவையும் வைத்த படகு உண்டு. 2017 முதல் அவர்களுக்கும் மற்றவர்களைப் போல 2000 மீற்றர்தான். அகலமான கரையோரப் படகில் இருக்கையைப் பூட்டிவிட்டால் பழகுவதற்கு அதுவே போதும். செயற்கைக்காலைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறவர், வலிக்கத் தொடங்கியதும் மற்றவர் எல்லோரையும் போல ஒரு ஓட்டுநர். டிராகன் படகிலும் இது முடியும், அதை மறுக்கவில்லை. ஒடுங்கிய படகில் தொடக்கக்காரருக்கு மிகக் கடினம்.

ஆகவே என் தெரிவு கரையோரப் படகு. அதிலும் நால்வர் படகை முதலில் வாங்காதீர்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும், திறப்பு விழாப் படம் நன்றாக வரும். ஆனால் 10.7 மீற்றரைப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் வருடத்துக்கு இரண்டு தடவை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுபோக முடியாது. இருவர் படகு இரண்டு வாங்குங்கள். ஒன்று திருத்தத்தில் கிடந்தாலும் மற்றது தண்ணீரில் நிற்கும். இரண்டும் நல்லாக இருக்கிற நாளில் போட்டி வைக்கலாம். முல்லைத்தீவுப் பக்கம் இறக்குவதற்கு முன்னர் கடற்றொழிலாளர் சங்கத்திடமும், இரணைமடுவில் நன்னீர் மீனவரிடமும் போய், அவர்கள் வலை போடுகிற இடத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புத்தான் கழகத்தின் முதல் வரைபடம். படகு அதற்குப் பிறகு வரட்டும்.