செக்ஸ் டாய் சுத்தம்: சோப்பா, கொதிநீரா, ப்ளீச்சா?

எதை வைத்துக் கழுவுவது என்று பார்ப்பதற்கு முன்னால், கையில் இருப்பது எதனால் செய்தது என்று பார்க்க வேண்டும். இங்கே விற்பவற்றில் பலவும் ‘மசாஜர்’ என்ற பெயரில்தான் வருகின்றன; என்ன பொருளில் செய்தது என்று பெட்டியில் தெளிவாக இருக்காது. இந்தப் பொருட்களுக்கென்றே 2021-இல் ஐஎஸ்ஓ 3533 என்று ஒரு சர்வதேசத் தரநிலை வந்திருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற ஆள் நம்மில் அரிது.

சிலிக்கோன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போரோசிலிக்கேட் கண்ணாடி ஆகியவற்றில் நுண்துளை கிடையாது. அழுக்கு மேலேயே நிற்கும், கழுவினால் போய்விடும். கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். ஆனால் அதைக் கொதிக்க வைக்கக் கூடாது. ஜெல்லி மாதிரி வழவழவென்று, பிரித்ததும் ரப்பர் வாடை அடிக்கிறதென்றால் அது பெரும்பாலும் டிபிஇ அல்லது பிவிசி என்ற மென்மையான பிளாஸ்டிக். அதில் நுண்துளைகள் உண்டு. எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கக் கிருமி நீக்க முடியாது. 2014-இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில், கழுவி ஒரு நாள் கழித்தும் டிபிஇ வைப்ரேட்டர்களில், உடலுறவில் பரவும் எச்பிவி வைரஸின் தடயம் கிடைத்தது. விலை குறைவு என்பதைத் தவிர அதை வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் ஆணுறை மாட்டிப் பயன்படுத்துங்கள், வேறொருவரோடு பகிர வேண்டாம்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கு மணமில்லாத, மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம். டெட்டாலும் வேண்டாம், நம் கை முதலில் போவது அதற்குத்தான், ஆனால் மிச்சம் ஒட்டியிருந்தால் அந்த இடத்தின் மெல்லிய தோல் எரியும். ஆல்கஹால் துடைப்பான் பயணத்துக்கு உதவும், தினப்படிக்கு ஆகாது. டிபிஇயை அது வறட்டிவிடும்.

இருவர் பகிர்வது, ஆசனவாயில் பயன்படுத்தியது, பூஞ்சைத் தொற்று வந்து ஆறியவர் பயன்படுத்தியது: இந்த மூன்றுக்கும் சோப்பு மட்டும் போதாது. மோட்டார் இல்லாத சிலிக்கோனையும் ஸ்டீலையும் தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க விடலாம். கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும், ஆறவும் அதிலேயே விட வேண்டும். வழிகளில் சிறந்தது இதுதான். ஆனால் மதுரைச் செல்லூரில் இரண்டு அறை வீடு, அடுப்படியில் மாமியார் என்றால் தனிப் பாத்திரம் ஏற்றுவது எங்கே நடக்கும்? அங்கே ப்ளீச் கைகொடுக்கும். வெள்ளைத் துணிக்குப் போடும், வாசனை சேர்க்காத ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. சிலிக்கோனையோ கண்ணாடியையோ முதலில் சோப்பு போட்டுக் கழுவி, பத்து நிமிடம் இதில் ஊற வைத்து, பிறகு நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முடித்துவிடலாம். கழிவறை கழுவும் ஆசிட்டோடு மட்டும் ப்ளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள். நச்சுப் புகை வரும். ஸ்டீலைப் ப்ளீச் அரிக்கும், அதற்குக் கொதிநீரே சரி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஆணுறை. ஆள் மாறும்போதும், பின்புறத்திலிருந்து முன்புறத்துக்கு வரும்போதும் புதிது மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்றைக் கூப்பிட்டு வைத்தது போல. தேங்காய் எண்ணெய் தடவினால் லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துவிடும். வழவழப்புக்குத் தடவும் ஜெல்லில், தண்ணீர் சார்ந்தது எல்லா வகைக்கும் பொருந்தும். சிலிக்கோன் ஜெல் சிலிக்கோன் டாயின் மேற்பரப்பையே கெடுக்கலாம்.

தண்ணீரைப் பற்றி மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாநகராட்சிக் குழாயில் வைகைத் தண்ணீர் வருகிற நாளில் கவலையில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் சோப்பு நுரைக்காது, காய்ந்ததும் வெள்ளைப் படிவு நிற்கும், சார்ஜ் ஏற்றும் முனையில் அந்த உப்பு சேரும். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் ஒரு சொம்பு ஒதுக்குங்கள். மோட்டார் உள்ளதில், தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடு ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரை அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பை மட்டுமே தாங்கும், முக்கக் கூடாது.

வைக்கிற இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டால் உள்ளே பூஞ்சைதான் வளரும். ஸ்டீல் டிபன் டப்பா யார் கண்ணையும் உறுத்தாது, உறுதியும் கூட. ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும், இரண்டை ஒன்றாகப் போடவும் கூடாது. டிபிஇ சிலிக்கோனோடு ஒட்டிக் கிடந்தால் பிசுபிசுப்பாகிவிடும். என் தேர்வு, துவைத்த பழைய வேட்டித் துணியில் தைத்த பை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. சுங்குடிப் பை அழகுதான், சாயம் இறங்கினால் சிலிக்கோனில் ஏறிவிடும்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் ஒளித்து வைக்க வசதி. ஆனால் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் அங்கே லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும். பீரோவின் கீழ்த்தட்டு மேல், பூட்டும் உண்டு. பாச்சை உருண்டை பக்கத்தில் இருக்கக் கூடாது. அந்த வாடை சிலிக்கோனில் பிடித்தால் லேசில் போகாது. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரி செல்லைக் கழற்றி வையுங்கள், சார்ஜ் வகையைப் பாதி சார்ஜில் நிறுத்துங்கள்.

கழுவிய பிறகும் ஒட்டுகிறது, வாடை அடிக்கிறது, கீறல் விழுந்திருக்கிறது என்றால் தூக்கிப்போடும் நேரம் வந்துவிட்டது. பேட்டரி உள்ளதைக் குப்பை வண்டியில் கலந்து போடாமல் மின்கழிவாகக் கொடுங்கள். மற்றதைக் கழுவி, காகிதத்தில் சுற்றி மக்காத குப்பையில் சேருங்கள்; அதைக் கையால் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.