டயலில் 200 மீட்டர், உள்ளே துரு: பழைய டைவர் வாட்ச் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் பாண்டிச்சேரியிலிருந்து என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வாட்ச்சுக்குள்ள தண்ணி போயிடுச்சு. முள்ளு நின்னுடுச்சு" என்றான். நான் திட்டுவேன் என்ற பயம் குரலில் தெரிந்தது. அவன் மேல் ஒரு தவறும் இல்லை. 200 மீட்டர் என்று டயலில் எழுதியிருந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு 12 மீட்டர் ஆழத்துக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான்.

அந்த சீகோ டைவர் வாட்ச்சை வாங்கிக் கொடுத்தவன் நான். பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில், 24,500 ரூபாய்க்கு. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே என்ன நடந்தது என்பதை முழுவதும் எழுதுகிறேன். இதே வாட்ச்சைத் தேடி அலைபவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பையன் நீலாங்கரையில் ஸ்கூபா கற்றுக்கொண்டு முதல் சான்றிதழ் வாங்கியிருந்தான். தாய்மாமன் என்ற முறையில், காலத்துக்கும் அவன் கையில் இருக்கும்படி ஒரு பொருள் செய்ய ஆசைப்பட்டேன். இப்போது தண்ணீருக்குள் போகிறவர்கள் எல்லோரும் டைவ் கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள், தெரியும். ஆனாலும் அது பழுதானால் கைகொடுக்க ஒரு வாட்ச்சையும் கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இறங்கும்போது பெசலின், அதாவது கண்ணாடியைச் சுற்றியிருக்கும் திருப்பக்கூடிய வளையத்தின், முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், எத்தனை நிமிடம் கீழே இருக்கிறோம் என்று ஒரே பார்வையில் தெரியும். பெசல் ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும். எங்காவது இடித்து நகர்ந்தாலும், இருந்த நேரத்தைவிட அதிகமாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. காற்று தீர்வதற்குள் மேலே வந்துவிடலாம். இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட பொருள் அது. அதனால்தான் இதை வெறும் பண நஷ்டமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் கேட்டது சீகோ எஸ்கேஎக்ஸ்007. 1996-இல் வந்து 2019 வாக்கில் உற்பத்தி நின்றுபோன மாடல். முரட்டு வேலைக்குத் தாங்கும் ஆட்டோமேட்டிக் டைவர் என்று பேர் வாங்கியது. உற்பத்தி நின்ற பிறகு விலை ஏறியது. விலை ஏறியதும் போலிகளும், நாலு வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய பீஸ்களும் சந்தைக்கு வந்துவிட்டன.

கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "கடைசி பேட்ச் சார், 2018 பீஸ். கையில கட்டாதது" என்றார். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, அதற்குக் கீழே 'நூறு சதம் ஒரிஜினல்' என்று எழுதியிருந்தார். நேரில் போனதும் பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகை மரையிலிருந்து விடுவித்து இருபது சுற்று சாவி கொடுத்தார். பிறகு அதை வெளியே இழுத்தார், நொடி முள் டக்கென்று நின்றது. "பாத்தீங்களா சார், செகண்ட் சுத்தமா செட் பண்ணலாம்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எஸ்கேஎக்ஸ்007-க்குள் இருக்கும் மிஷின் 7எஸ்26. அதற்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. மணிக்கட்டு அசைவில்தான் ஏறும், அல்லது கையில் எடுத்து மெல்லக் குலுக்க வேண்டும். திருகை இழுத்தாலும் நொடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு வசதியும் 4ஆர்36 போன்ற பிந்தைய மிஷின்களில்தான் உண்டு. ஆக, சிறப்பு என்று அவர் காட்டிய இரண்டுமே உள்ளே இருப்பது வேறு மிஷின் என்பதற்குச் சாட்சி. இது எனக்கு அப்போது தெரியாது.

பணம் 5,000 யுபிஐயில், மீதி ரொக்கம். "பில் போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துடும் சார், உங்களுக்கு எதுக்கு அந்தச் செலவு" என்றார். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'ஒரு வருட கடை கேரண்டி' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பாண்டிச்சேரியில் முதல் முறை தண்ணீரில் இறங்கியபோதே கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருக்கிறது. படகுக்கு வந்து பார்த்தபோது ஆறு மணிக் குறிக்குக் கீழே ஒரு சொட்டு தண்ணீர் நின்றிருக்கிறது. பயிற்சியாளர் கையில் கம்ப்யூட்டர் இருந்தது, பையனும் அதைத்தான் நம்பியிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. என் அக்காவிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

சென்னைக்கு வந்ததும் வாட்ச்சைத் திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். என் அப்பாவின் எச்எம்டியை இன்றைக்கும் ஓட வைத்துக்கொண்டிருப்பவர் அந்த பாய்தான். ஒரு ஆள் உட்காரும் அளவுதான் கடை. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பின்மூடியைத் திறக்காமலே முதலில் அதில் உள்ள எண்ணைப் படிக்கச் சொன்னார். ஆறு இலக்கம், 34 என்று தொடங்கியது. "தம்பி, முதல் நம்பர் வருஷத்தோட கடைசி நம்பர். ரெண்டாவது மாசம். இது 2003 ஏப்ரல், இல்லேன்னா 2013 ஏப்ரல். 2018 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சீகோ வாட்ச் யாரிடம் இருந்தாலும் இதைப் பார்க்கலாம். ஒன்று முதல் ஒன்பது வரை ஜனவரியிலிருந்து செப்டம்பர். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலத்தின் ஓ, என், டி எழுத்துகள்.

பின்மூடி என்னவோ ஒரிஜினல்தான். அலை படம், 7எஸ்26-0020 என்ற எண், எல்லாம் சரியாக இருந்தது. ஏதோ ஒரு பழைய வாட்ச்சிலிருந்து கழற்றியது. அதைத் திறந்ததும் பாய் ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார். ரோட்டரில், அதாவது கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் அரைவட்டத் தகட்டில், ஒரு எழுத்துகூட இல்லை. மிஷினில் உள்ள ஸ்க்ரூக்களின் தலையில் துரு. அது ஒரு வாரத் துரு இல்லை, ஏற்கெனவே தண்ணீர் பார்த்த மிஷின் என்றார். பின்மூடிக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் தட்டையாகி, ஓரிடத்தில் வெடித்திருந்தது. விரலால் எடுத்தபோது வளையவே இல்லை, ஒடிந்தது.

அப்புறம் அவர் செய்ததுதான் என் மனதில் நிற்கிறது. மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, புது ரப்பர் வளையம் போட்டு, வெறும் கூட்டை மூடினார். ஒரு கண்ணாடிக் குழாய்க் கருவியில் பாதி வரை தண்ணீர் ஊற்றி, கூட்டைத் தண்ணீர் படாமல் மேலே தொங்கவிட்டு, கைப்பம்பால் காற்றழுத்தம் ஏற்றினார். சில நிமிடம் காத்திருந்து, கூட்டைத் தண்ணீருக்குள் இறக்கி அழுத்தத்தைக் குறைத்தார். கூட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் இப்போது அது குமிழாக வெளியே வரும். சாவித் திருகின் ஓரத்திலிருந்து நூல் பிடித்த மாதிரி குமிழ்கள் வந்தன. திருகை இறுக்கித்தான் மூடியிருந்தார், ஆனாலும் வந்தன. திருகு வேறு, கூடு வேறு. மரை சரியாகப் பொருந்தவே இல்லை. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் கூடும். இந்த வாட்ச் அந்த ஒரு பாரையே தாங்காது. டயலில் 200 மீட்டர்.

மிஷின் மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. வாட்ச் பிரியர்கள் பலர் தங்கள் எஸ்கேஎக்ஸில் நல்ல புது மிஷின் போட்டு மகிழ்ச்சியாகக் கட்டுகிறார்கள். இன்னது மாற்றியிருக்கிறோம் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. எங்கோ நனைந்து துருப்பிடித்ததைக் 'கட்டாத பீஸ்' என்று சொல்லி, கடலுக்குப் போகும் பிள்ளைக்கு என்று தெரிந்தே விற்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. யாருக்காக வாங்குகிறேன் என்று நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

திரும்பிப் போய்க் கேட்டேன். "தண்ணிக்குப் போட்டா கேரண்டி வராது சார்" என்றார். டைவர் வாட்ச்சை வேறு எதற்குப் போடுவது என்று கேட்டேன். "அது கம்பெனி எழுதுறது சார், நம்ம கேரண்டி மிஷினுக்கு மட்டும்" என்றார். 3,500 கொடுத்தால் சர்வீஸ் செய்து தருவதாகவும் சொன்னார். வெளியே வந்துவிட்டேன்.

இப்போது சட்டப் பக்கம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்குப் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படித்தான். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று சோர்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய 'நூறு சதம் ஒரிஜினல்', 5,000 ரூபாய் யுபிஐ பதிவு, கையெழுத்துப் போட்ட கார்டு, மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் பையனுக்கு வேறு வாட்ச் பார்த்தேன். அப்போது தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புது வாட்ச்சிலும் குழி இருக்கிறது. எஸ்கேஎக்ஸின் அதே முகத்தோடு 2019 முதல் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் எஸ்ஆர்பிடி மாடல்கள் வருகின்றன. நல்ல வாட்ச், ஒரிஜினல்தான். ஆனால் அது டைவர் வாட்ச் இல்லை. 100 மீட்டர்தான், சாவித் திருகு மரை போட்டு இறுகாது. சில விற்பனையாளர்கள் அதையே 'புது எஸ்கேஎக்ஸ்' என்று சொல்லித் தள்ளுகிறார்கள். ஆபீஸுக்குக் கட்ட வாங்குங்கள், ஸ்கூபாவுக்கு வேண்டாம்.

டயலில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள். 'வாட்டர் ரெசிஸ்ட்' வேறு, 'டைவர்ஸ் 200 மீ' வேறு. இரண்டாவது, ஐஎஸ்ஓ 6425 என்ற தரத்துக்கு உட்பட்ட வாட்ச்சுக்கு. மாதிரிக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் சோதிப்பது போதாது, ஒவ்வொரு வாட்ச்சையும் எழுதியிருக்கும் அளவைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும் என்பது அதன் விதி. 200 மீட்டருக்கு 25 பார். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் முள் தெரிய வேண்டும், உப்புத் தண்ணீரைத் தாங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஓரியண்ட் கமாசு சஃபையர் கண்ணாடியோடு வருகிறது, 200 மீட்டர், விலைக்கு அருமையான வாட்ச். ஆனால் டைவர்ஸ் முத்திரை அதில் இல்லை. கடைசியில் நான் வாங்கியது சிட்டிசன் ப்ரோமாஸ்டர் என்ஒய்0040. அதில் முத்திரை உண்டு. சாவித் திருகு இடப்பக்கம், எட்டு மணி அருகில் இருப்பதால் மணிக்கட்டில் குத்தாது. கம்பெனி ஷோரூமில், பில்லோடு, முத்திரை குத்திய கேரண்டி கார்டோடு வாங்கினேன்.

பழையதுதான் வேண்டும் என்றால், பணம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். டயலும் ஓர வளையமும் மயிரிழை விலகியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் குறை ஒரிஜினல் சீகோவிலும் உண்டு. என்னதான் ஒரிஜினலாக இருந்தாலும், ஒருமுறை பின்மூடியைத் திறந்துவிட்டால் புது ரப்பர் வளையம் போட்டு அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். பேட்டரி மாற்றத் திறந்த குவார்ட்ஸ் டைவருக்கும் இதேதான். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள், நம் ஊர் உப்புக்கு அது தேவை.

என்னைப் போலவே பாரிமுனைப் பக்கம் பில் இல்லாமல் 'கடைசி பேட்ச்' வாங்கியவர்கள் இருந்தால், வாட்ச்சை அந்தக் கடையிலேயே சர்வீஸுக்குக் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் மிஷின்தான் உங்கள் சாட்சி. வேறு ஆளிடம் திறந்து, பின்மூடி எண்ணும் ரோட்டரும் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். என்னுடைய வாட்ச் பாய் கழற்றி வைத்தபடியே, மிஷின் தனி, கூடு தனி, ஒடிந்த ரப்பர் வளையம் தனி என்று மூன்று கவரில் பீரோவில் இருக்கிறது. இந்த வாரம் மனுவைத் தாக்கல் செய்கிறேன்.