பழைய செயின்சாவுல பெட்ரோல் கசிவு: மூடியில ஆரம்பிச்சு ஊசியில போய் நின்னுச்சு

என்கிட்ட இருக்கிற செயின்சாவுக்கு 14 வயசு. விழுந்த மரம், காய்ஞ்ச கிளை, விறகுன்னு வருஷம் பூரா ஏதாவது வேலை இருக்கும். செயின் எத்தனை மாத்தினேன்னு கணக்கே இல்ல, செயின் சுத்தி ஓடற நீளத் தகடு (பார்) 2 தடவை மாத்தியாச்சு, எஞ்சின்ல மட்டும் பிளக்கும் ஏர் ஃபில்டரும் தவிர எதையும் தொட்டதில்ல. அப்படி ஓடிட்டிருந்தது போன வருஷம் ஒழுக ஆரம்பிச்சுது.

முதல்ல செயின் ஆயில்தான்னு நினைச்சு கண்டுக்கவே இல்ல, ஏன்னா சும்மா வச்சா செயின் ஆயில் கொஞ்சம் வடியறது அநேகமா எல்லா செயின்சாவுக்கும் இருக்கிற பழக்கம்தானே. ஒரு நாள் ஷெட் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைச்சுது, அப்பதான் உறைச்சுது. நல்லா துடைச்சுட்டு அடியில ஒரு வெள்ளைத் தாள் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். செயின் ஆயிலா இருந்தா தாள்ல கொழகொழன்னு அப்படியே நிக்கும். பெட்ரோல்னா காய்ஞ்சு போய், அதுல கலந்த 2டி ஆயிலோட (எஞ்சினுக்காக பெட்ரோல்லயே கலக்கற ஆயில்) கலர் மட்டும் லேசா ஒரு வளையமா நிக்கும். காலையில பார்த்தா ரெண்டுமே இருந்துச்சு!

உடனே பெட்ரோல் டேங்க் மூடியோட ஓ-ரிங்தான் (ரப்பர் வளையம்)னு முடிவு பண்ணிட்டேன். பழசு நசுங்கி தட்டையா போயிருந்துச்சு, சோ மாத்தினது வேஸ்ட் இல்ல, ஆனா கசிவு நிக்கல. இங்கதான் நான் பண்ணின தப்பு, எங்க ஈரமாகுதுன்னு பார்க்காம சாமான் வாங்கினது. அப்புறம் புத்தி வந்து டேங்க்ல பாதி பெட்ரோல் ஊத்தி, நேரா ஒரு மணி நேரம், பக்கவாட்டுல சாய்ச்சு ஒரு மணி நேரம், மூக்கு கீழ பார்க்க ஒரு மணி நேரம்னு மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேன். நேரா வச்சா சொட்டு கூட இல்ல. சாய்ச்சா மட்டும் டேங்க் மேல பெட்ரோல் ட்யூப் நுழையற ஓட்டை கிட்ட பளபளன்னு ஈரம்.

ட்யூப்பை வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியல. உருவி எடுத்து, ஓட்டைக்குள்ள இறுகி உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் ரெண்டு விரல்ல வளைச்சேன், மயிரிழை மாதிரி 3 வெடிப்பு வாயைப் பிளந்துச்சு. வயசாகி ரப்பர் கல்லு மாதிரி ஆயிடுச்சு, எத்தனால் கலந்த பெட்ரோல் இதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். புது ட்யூப் போடறவங்களுக்கு ஒரு டிப், நுனியை சாய்வா கூர் மாதிரி வெட்டிக்கோங்க, ஓட்டை வழியா அதை முதல்ல விட்டு மூக்கு பிளையர்ல இழுத்தா வந்துடும், நேரா வெட்டிட்டு தள்ளினா சாயங்காலம் வரைக்கும் தள்ளிட்டே இருக்கலாம். டேங்க் உள்ள இருக்கிற பெட்ரோல் ஃபில்டரையும் அப்பவே மாத்திடுங்க.

சரி முடிஞ்சுதுன்னு பார்த்தா 2 மாசம் கழிச்சு மறுபடியும் வாடை. இந்த தடவை ஏர் ஃபில்டர் நனைஞ்சிருக்கு, பிளக்கைக் கழட்டினா அதுவும் ஈரம். இதுல குழப்பம் என்னன்னா காலையில கசியவே கசியாது, வெயில்ல வேலை பார்த்து சூடா வச்சாதான் கசியும். டேங்க் மூச்சு விடற வால்வு காத்தை உள்ள விடும், வெளிய விடாது. எஞ்சின் சூட்டுல டேங்க்குள்ள பிரஷர் ஏறும், அது பெட்ரோலைக் கார்பரேட்டருக்குத் தள்ளும், அங்க இருக்கிற ஒரு குட்டி ஊசிதான் அதைத் தடுத்து நிறுத்தணும். ஊசி நுனி தேய்ஞ்சிருந்தாலோ ஒரு தூசி மாட்டியிருந்தாலோ பெட்ரோல் நேரா உள்ள இறங்கிடும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்க கார்பரேட்டர் பெட்ரோல் வாயில கேஜ் வச்ச கை பம்ப் மாட்டி 7 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) வரைக்கும் அடிச்சேன், முள்ளு கண்ணு முன்னாடியே சரசரன்னு இறங்குச்சு. ரிப்பேர் கிட் வாங்கி ஊசி, டயாஃப்ரம் (மெல்லிசான சவ்வு), கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கற மெல்லிய ஷீட்) எல்லாத்தையும் மாத்தினேன். பிரிக்கும்போது போட்டோ எடுத்துக்கோங்க, நான் எடுக்காம முதல் தடவை வரிசையை மாத்தி மாட்டிட்டேன். ஊசி இருக்கிற பக்கம் கேஸ்கெட் முதல்ல, டயாஃப்ரம் அது மேல. கார்பரேட்டர்லயே பெட்ரோலை இழுக்கற பம்ப் இருக்கிற பக்கம் அப்படியே தலைகீழ், டயாஃப்ரம் முதல்ல, கேஸ்கெட் மேல. அந்த ஊசியைத் தூக்கற லிவர் உயரமும் கவனிக்கணும், உயரமா இருந்தா ஊசி மூடாம மறுபடி வழியும், தாழ்ந்திருந்தா பெட்ரோல் பத்தாம எஞ்சின் திணறும், சரியான அளவு கார்பரேட்டருக்குக் கார்பரேட்டர் மாறும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கறதா இருந்தா ரப்பர் எல்லாம் வெளிய எடுத்த பிறகு மட்டும்தான், இல்லன்னா புது டயாஃப்ரமும் சுருங்கிப் போகும்.

இன்னொண்ணு, கசியற மெஷினை "ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே"ன்னு கயிறு இழுக்காதீங்க. சூடான சைலன்சர் 2 இன்ச் தள்ளித்தான் இருக்கு. இந்த சோதனை எல்லாமே ஆறின மெஷின்ல, திறந்த வெளியில பண்ணுங்க.

அதுக்கப்புறம் 8 மாசம் ஆச்சு, பெட்ரோல் வாடையே இல்ல. இப்ப ஒரு மாசத்துக்கு மேல சும்மா இருக்கப் போகுதுன்னா டேங்க்கைக் காலி பண்ணி, தானா நிக்கற வரைக்கும் ஓட்டி வச்சுடறேன். பெட்ரோல்-2டி ஆயில் மிக்ஸும் 50:1, லிட்டருக்கு 20 மில்லி ஆயில், தேவைக்கு மட்டும்தான் கலக்கறேன். செயின் ஆயில் மட்டும் இன்னும் வடிஞ்சுட்டுதான் இருக்கு, அதுக்கு அடியில ஒரு பழைய தட்டு வச்சாச்சு.