சேலம் அஞ்சு ரோடு பக்கம் கவுன்சிலிங் போனேன், 5க்கு 4 ஸ்டார்

செவ்வாப்பேட்டைல வெள்ளி கொலுசு பட்டறை வச்சிருக்கேன். மதுரை கடைக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் வந்தும் பதில் போடலன்னா போதும், வயித்த கலக்கிரும், ராத்திரி தூக்கம் வராது, வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுவேன். அல்சர்னு நெனச்சு மாத்திரை போட்டு பாத்தேன், கேக்கல, கடைசில டாக்டரே கவுன்சிலிங் போங்கன்னுட்டாரு. (சென்டர் பேரு போடல, குறையும் சொல்லப்போறேன்ல.)

பாசிட்டிவா யோசிங்க சார்னு சொல்லி அனுப்பிருவாங்கன்னு நெனச்சுதான் போனேன். சொல்லல, அதுக்கே ஒரு ஸ்டார். மேடம் ஒரு நோட்டு வாங்கிட்டு வரச்சொல்லி கட்டம் போட வச்சாங்க: என்ன நடந்துச்சு, மனசு என்ன சொல்லுச்சு, பயமோ கோவமோ நூத்துக்கு எவ்ளோ, ஆதாரம் என்ன. நான் முதல் கட்டத்துல "ஆர்டர கேன்சல் பண்ணிட்டாரு"ன்னு எழுதினேன். "அப்டி அவர் சொன்னாரா சார்?"னாங்க. இல்ல மேடம், பதில் போடல, அவ்ளோதான். "அப்ப இது ரெண்டாவது கட்டம்"னு பேனாவால ஒரு அம்புக்குறி போட்டாங்க பாருங்க, நான் குடுத்த 800 ரூபாய்க்கு அந்த அம்புக்குறி ஒண்ணே போதும்.

இதுக்கு சிபிடினு பேராம், நம்ம நெனப்ப நம்மளயே சோதிச்சு பாக்க வைக்கிற பேச்சு சிகிச்சை. 1960கள்ல அமெரிக்கால ஆரோன் பெக்னு ஒரு மனநல டாக்டர், மனச்சோர்வுல இருக்கவங்களுக்கு அவங்களே கவனிக்காம சட்டுனு ஒரு நெனப்பு ஓடுறதையும் அதுக்கு பின்னாலயே உணர்ச்சி வர்றதையும் பாத்து இத ஆரம்பிச்சாராம். எனக்கு ஓடுறது எப்பவும் ஒரே ரீலுதான், சரக்குல குறை, ஆர்டர் போச்சு, பட்டறைய பூட்டணும்.

மூணாவது வாரம் நெஜமாவே குறை வந்துச்சு, ரெண்டு ஜோடில பத்தவச்சது விட்டுருச்சு. வருத்தம் 40 போட்டேன். முன்னாடின்னா பயம் 95 போட்டுருப்பேன். திருப்பி வாங்கி சரி பண்ணி அனுப்பிட்டேன்.

குறைன்னா, நேரம் குடுத்தாலும் முக்கா மணி நேரம் உக்காரணும், எறங்கிப்போய் தட்டுவடை செட் சாப்ட்டு வந்தாலும் நம்ம நம்பர் வராது. தடுப்பு வெறும் பிளைவுட்டு, பக்கத்து ரூம்ல அழுவுறது கேக்குது, நம்ம பேசறதும் கேக்கும்ல? அப்புறம் நோட்டு எழுதாம போனா காசு தண்டம். கட்டுபடியாகாதவங்க 14416க்கு போன் போடுங்க, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீ, ராத்திரிலயும் எடுப்பாங்க.

போன வாரம் பட்டறை பையன் கணக்கு நோட்டுன்னு நெனச்சு என் நோட்ட மாமாகிட்ட குடுத்துட்டான், அதுல மாமா பேரு நாலு எடத்துல இருக்கு. மூணு நாளா மாமா போன் பண்ணல. முதல் கட்டத்துல அத மட்டும்தான் எழுதிருக்கேன்.