இரண்டடித் தொட்டி, ஒரு பபிள் டிப் அனிமோன், ஒரு கெசில் விளக்கு

சிறிய கடல்நீர்த் தொட்டியில் அனிமோன் (பூ மாதிரி கைகளை விரிக்கும் கடல் உயிரி) வளர்க்க ஒரு சின்ன எல்இடி விளக்கு போதுமா? முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டியில் ஒரே ஒரு பபிள் டிப் அனிமோன் வளர்க்கிறவருக்கு கெசில் கம்பெனியின் 40 வாட் எல்இடி விளக்கான ஏ160டபிள்யூஇ டூனா புளூ போதும். மணலில் கம்பளம் மாதிரி விரிகிற கார்ப்பெட் அனிமோன் மேல் ஆசை இருப்பவருக்குப் போதாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் தொட்டி 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம். பாறையும் மணலும் போக 90 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதற்கு விளக்கு வேண்டும் என்று சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விசாரித்தால் பேச்சு வாட்டில்தான் தொடங்குகிறது. "40 வாட்டுக்கா சார் இவ்வளவு காசு? பாதி விலைக்கு 165 வாட் தரேன்" என்றார் ஒரு கடைக்காரர். நல்ல மனிதர், மீனைப் பற்றிக் கேட்டால் சரியாகச் சொல்வார். ஆனால் வாட் என்பது விளக்கு இழுக்கும் கரண்ட், அவ்வளவுதான். அதில் எவ்வளவு ஒளியாகி, எவ்வளவு தண்ணீருக்குள் இறங்கி அனிமோன் மேல் விழுகிறது என்பது வேறு கதை. லிட்டருக்கு இத்தனை வாட் என்பது டியூப்லைட் காலத்துக் கணக்கு, எல்இடிக்கு ஒத்துவராது.

அனிமோனின் உடம்புக்குள் சூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது. ஒளி பட்டால் அது உணவு தயாரிக்கும், அதில் பெரும்பங்கு அனிமோனுக்குப் போகும். நாம் போடுகிற இறால் துண்டு சும்மா பலகாரம் மாதிரிதான். அந்தப் பாசிக்கு உதவுகிற 400 முதல் 700 நானோமீட்டர் ஒளி எவ்வளவு விழுகிறது என்பதைத்தான் ‘பார்’ (PAR) அளவு என்கிறோம். போனில் லக்ஸ் ஆப் போட்டு அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான கணக்கு. பச்சையைத் தூக்கிக் காட்டும், நீலத்தைக் குறைத்துக் காட்டும். இந்த விளக்கோ பெரும்பாலும் நீலம். செடித் தொட்டிக்கு விற்கிற 6500 கெல்வின் வெள்ளை விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதும் இதனால்தான்.

நண்பரிடம் பார் அளக்கும் அப்போஜி மீட்டர் இருந்ததால் அளந்து பார்க்க முடிந்தது. விளக்கைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிறுத்தி முழு வேகத்தில், அதாவது முழு வெளிச்சத்தில் வைத்தால், பாறை உச்சியில் பார் 150-ஐத் தாண்டியது. நடு மணலில் 100-க்குக் கொஞ்சம் கீழே. மூலைகளில் 40 கூட இல்லை. பவளம் அடுக்குகிறவர் இந்த மூலைக் கணக்கைப் பார்த்து முகம் சுளிப்பார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அனிமோன் நாம் வைத்த இடத்தில் உட்காராது, அதற்குப் பிடித்த இடத்தில்தான் உட்காரும். ஒரே தொட்டியில் வெயிலும் நிழலும் இருந்தால் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. என்னுடையது பாறை உச்சிக்குப் போகவில்லை. அதற்கு நாலு விரல் கீழே ஒரு பிளவில் காலை நுழைத்து, கால் முழுக்க நிழலிலும் கைகள் முழுக்க வெளிச்சத்திலும் இருக்கிற மாதிரி அமர்ந்துகொண்டது. காலையில் விளக்கு எரிந்ததும் சுருங்கிய கைகள் ஒவ்வொன்றாக நீள்வதையும், பழுப்புக் கையின் நுனியில் பச்சை ஏறுவதையும் காபி ஆறும்வரை பார்க்கலாம்.

இனி விளக்கு. உள்ளங்கையில் அடங்குகிற உருளை. மேலே இரண்டு திருகு: ஒன்று நிறத்துக்கு, ஒன்று வெளிச்சத்தின் வேகத்துக்கு. போன் ஆப் கிடையாது, வைஃபை கிடையாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. கரண்ட் போய் வந்ததும் ஆப்புக்கும் விளக்குக்கும் நடக்கிற பஞ்சாயத்து இதில் இல்லை என்பதால் நான் இதை நிறையில் சேர்க்கிறேன். சூரிய உதயம், அஸ்தமனம் மாதிரி காட்ட வேண்டுமானால் தனியாகக் கன்ட்ரோலர் வாங்க வேண்டும். நான் சாதாரண டைமர் போட்டிருக்கிறேன், எட்டு மணி நேரம். முழு வேகத்தில் ஓடினாலும் மாதம் பத்து யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

வேகத் திருகுதான் மிகவும் உதவியது. கடையில் மங்கலான வெளிச்சத்தில் கிடந்த அனிமோனைத் திடீரென்று முழு ஒளியில் போட்டால் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, வாரம் கொஞ்சமாக ஏற்றினேன். திருகின் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் எங்கே நிறுத்தினோம் என்பது மறக்காது. நிறத் திருகை முழு நீலத்துக்குத் திருப்பினால் போட்டோவுக்கு அழகு, வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி. நடுவுக்குக் கொஞ்சம் நீலப் பக்கம் எனக்குச் சரியாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அனிமோன் அலைந்தால் உடனே விளக்கைத் திட்டாதீர்கள். நீரோட்டம் பிடிக்காவிட்டாலும் நடக்கும், உப்பு ஏறி இறங்கினாலும் நடக்கும். முதலில் உப்பின் அளவு (ஒப்படர்த்தி) 1.025 பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். விளக்கு எதுவானாலும், அலையும் அனிமோன் உள்ளே இழுபடாமல் இருக்க, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கருக்கு ஸ்பான்ஜ் உறை கட்டாயம்.

விலை கடிக்கும், மறுக்கவில்லை. பெட்டியில் விளக்கும் அடாப்டரும்தான் வரும். வளைகிற தாங்கிக்குத் தனிக் காசு. அதையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும்.

கார்ப்பெட் விஷயம். மன்னார் வளைகுடாவில் கிடைக்கிற சேபே கிளவுன் மீனுக்கு இயற்கையில் வீடு ஹடோனி என்கிற கார்ப்பெட் அனிமோன் வகை. ஜோடியாக மீனை வாங்கியதும் அதையும் வாங்கத் தோன்றும். அது பாறை ஏறாது. மணலில் கால் புதைத்துப் படுத்து, அரை மீட்டருக்கு மேல்கூட விரியும். அதாவது ஒளி குறைவான அடித்தளத்தில், 40-ஐத் தொடாத மூலைகள் வரைக்கும். அதற்கு இந்த விளக்கு ஒன்று போதாது, இரண்டு மாட்டினாலும் 45 செ.மீ. அகலத் தொட்டி இடம் கொடுக்காது.