புதுப்பித்த பப்பில் அளவு குறைந்த ஏல்: லண்டன் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லண்டனில் நிதி நிறுவனங்கள் நிறைந்த சிட்டி பகுதியில், நெடுநாள் மூடிக்கிடந்து அண்மையில் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்ட பழைய பப் ஒன்றில் எனக்கும் நண்பருக்கும் நேர்ந்ததை, அங்கே போகும் எண்ணமுள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

மெருகேற்றிய மரமும் பித்தளையும் கண்ணைப் பறித்தன. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. விலைப்பட்டியலைத்தான் எங்கும் காணவில்லை. மேசையில் ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், ஏல் என்னும் பீர் வகையில், சிறு ஆலைகளில் தயாராகும் ஒவ்வொரு கிராஃப்ட் ஏலின் மணம், குணம் பற்றிய அலங்கார வருணனை வந்ததே தவிர விலை வரவில்லை.

நாங்கள் போனதே கவுண்டரில் வரிசையாக நின்ற கைப்பம்புகளை நம்பித்தான். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து இரண்டாம் முறையாக நொதிக்கும் காஸ்க் ஏலை, வெளியிலிருந்து வாயு அழுத்தம் தராமல், நிலவறையிலிருந்து கைப்பம்பால் இழுத்து 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் ஊற்றித் தருவதுதான் இங்குள்ள மரபு. அதைக் காப்பதற்காகவே 1971 முதல் கேம்ரா அமைப்பு போராடி வருகிறது. எங்களுக்கு வந்த முதல் ஏலோ விரல் விறைக்கும் குளிர்ச்சியோடும் லாகர் பீரைப் போன்ற குமிழிகளோடும் இருந்தது. கேட்ட பிறகுதான், அந்தக் கைப்பம்பு, வாயு அழுத்தத்தால் ஊற்றப்படும் கெக் பீருடன் இணைக்கப்பட்டிருப்பதைப் பணியாளர் ஒப்புக்கொண்டார். கெக் பீர் கெட்ட சரக்கல்ல, எனக்கும் பிடிக்கும். ஆனால் கைப்பம்பைக் காட்டி அதை விற்பது வேறு விஷயம். இதே போன்ற வழக்கத்தை எதிர்த்து 2024-இல் கேம்ராவே வணிகத் தரநிலை அதிகாரிகளிடம் முறையிட்டது.

இதைவிட மோசமானது அளவு. பல ஏல்களைச் சுவைத்துப் பார்க்க விரும்புவோருக்காக, மூன்று சிறு கிளாஸ்களை ஒரு மரப்பலகையில் வைத்துத் தருகிறார்கள். பிரிட்டிஷ் சட்டப்படி பீப்பாயிலிருந்து ஊற்றும் பீரை மூன்றில் ஒரு பங்கு, அரை, மூன்றில் இரண்டு பங்கு பைன்ட் என்ற அளவுகளிலோ அரை பைன்டின் மடங்குகளிலோதான் விற்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 189 மில்லி லிட்டர். எங்கள் கிளாஸ்களில் அளவுக் கோடும் இல்லை, அளவைச் சான்றளிக்கும் முத்திரையும் இல்லை. ஐயம் வந்து, முத்திரையிட்ட வெற்று அரை பைன்ட் கிளாஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, தொடாமல் வைத்திருந்த இரண்டு கிளாஸ்களையும் அதில் ஊற்றினோம். 284 மில்லி லிட்டர் மட்டுமே கொள்ளும் அந்தக் கிளாஸ் வழிந்திருக்க வேண்டும்; விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அதை நண்பர் படமெடுத்து வைத்திருக்கிறார்.

அந்த இரண்டில் ஒன்றான பிட்டர் என்ற கசப்புச் சுவை ஏலை மூக்கருகே கொண்டுபோகும்போதே காடி நெடி அடித்திருந்தது. திறந்த காஸ்க் பீப்பாயைப் பொதுவாக மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்த்தாக வேண்டும். அதற்கு மேல் போனால், உள்ளே புகுந்த காற்று அதைப் புளிக்கச் செய்துவிடும். வேண்டுமென்றே புளிக்க வைக்கும் ஏல் வகைகளும் உண்டுதான், ஆனால் பிட்டர் அந்த வகையல்ல. நல்ல பப்களில் இதைச் சொன்னால் மறுபேச்சின்றி மாற்றித் தருவார்கள். இங்கோ, "இயற்கையான ஏல் இப்படித்தான் இருக்கும், உங்களுக்குப் பழக்கமில்லை போலிருக்கிறது" என்றார் மேலாளர். இந்த நாட்டில் பல ஆண்டுகளாக ஏல் குடித்துவரும் எங்களிடம், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அப்படிச் சொன்னதாகவே எனக்குப் பட்டது.

கவுண்டரில் நின்று, நாங்களே எடுத்துவந்து குடித்ததற்கு, ரசீதில் 12.5 விழுக்காடு சர்வீஸ் சார்ஜும் சேர்ந்திருந்தது. அது விருப்பக் கட்டணம் என்பதைச் சுட்டிக்காட்டியதும் முணுமுணுத்தபடியே நீக்கினார்கள்.

அளவுக் குறைவு பற்றி, படத்தையும் ரசீதின் நகலையும் குறிப்பிட்டு, சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணின் வழியாக வணிகத் தரநிலைத் துறைக்குப் புகார் அளித்திருக்கிறேன். அந்த வட்டாரத்தில் புதிதாகத் திறந்த பப் எதற்குப் போனாலும், ஊற்றுவதற்கு முன்பே விலையைக் கேளுங்கள், முத்திரையிட்ட கிளாஸில்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். நுரை அதிகமாக இருந்தால் நிரப்பித் தரச் சொல்லவும் தயங்க வேண்டாம்.