மில் கணக்கு மென்பொருளுக்கு எந்த வீடு நல்லது: டொட்நெட் 4.8 அல்லது டொட்நெட் 10?

பெரும்போக வேளாண்மை வெட்டத் தொடங்கினால் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி மில்களுக்கு இரவு பகல் கிடையாது. லொறி வரும், மூடை இறங்கும், தராசு எடை சொல்லும், பில் அடிபட வேண்டும். நான் பராமரிக்கும் மில்களில் அந்தப் பில்லை அடிப்பது பதினைந்து வருடத்துக்கு முன் வின்ஃபார்ம்ஸில், அதாவது விண்டோஸ் திரைகளைக் கட்டும் மைக்ரோசொப்ட் கருவியில், எழுதிய மென்பொருள். போன மாதம் ஒரு ஹாஜியார் கேட்டார்: "தம்பி, இது இன்னும் எத்தனை வருசத்துக்கு ஓடும்? புதுசா ஒண்டு எழுதத்தான் வேணுமா?"

இதே கேள்வியோடு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் என்னைப் போல் பலர் இருப்பார்கள். அதனால் நான் எண்ணிப் பார்த்ததை எழுதுகிறேன்.

வின்ஃபார்ம்ஸ் 2002இல், மென்பொருளை எழுதி ஓட்டும் மைக்ரோசொப்ட் தளமான டொட்நெட் ஃபிரேம்வொர்க்கின் முதல் பதிப்போடு வந்தது. 2019இல் அது ஓடும் தளம், அதாவது அதன் வீடு, இரண்டாகிவிட்டது. ஏப்ரலில் வந்த ஃபிரேம்வொர்க் 4.8 பழைய வீடு. செப்டெம்பரில் வந்த டொட்நெட் கோர் 3.0 புது வீடு. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய டொட்நெட் 10. மென்பொருளை எந்த வீட்டில் குடிவைப்பது என்பதே உண்மையான தெரிவு.

பழைய வீட்டின் பெரிய பலம், அது விண்டோஸின் ஒரு பாகம். 4.8க்கும், 2022இல் வந்த 4.8.1க்கும் தனியாக முடிவுத் திகதி இல்லை. அவை இருக்கும் விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை அவற்றுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இப்போதைய விண்டோஸ் 11 உடன் 4.8.1 கூடவே வருகிறது. மில்லில் போய் ஒன்றும் நிறுவ வேண்டாம். புது வசதி எதுவும் இனி அங்கே சேராது, உண்மைதான். மூடையை எண்ணி விலையால் பெருக்கும் மென்பொருளுக்கு அது பெரிய குறை என்று நான் நினைக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் புரொஜெக்ட் இன்னும் ஃபிரேம்வொர்க்கின் பழைய பதிப்பான 2.0 அல்லது 3.5ஐக் குறிவைத்திருந்தால் உடனே 4.8க்கு மாற்றி மறுபடி கம்பைல் செய்யுங்கள். 3.5க்குத் தனி முடிவுத் திகதி உண்டு, 2029 ஜனவரி 9.

புது வீட்டில் வேலை நடக்கிறது. வின்ஃபார்ம்ஸின் மூல நிரல் 2018 டிசம்பரிலிருந்து திறந்து கிடக்கிறது, பிழைகள் திருத்தப்படுகின்றன, ஓட்டமும் வேகம். ஆனால் அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். டொட்நெட் 10 வந்தது 2025 நவம்பர். ஆதரவு 2028 நவம்பர் வரை. அதற்கு முந்தைய 8, 9 இரண்டுக்கும் 2026 நவம்பரோடு சரி. 'நீண்டகால ஆதரவு' என்று பெயர் வைத்த பதிப்புக்கே மூன்று வருடம்தான், அதாவது மூன்று பெரும்போகம். திகதி முடிந்தாலும் மென்பொருள் ஓடும், திருத்தம் வராது. அந்த மூன்று வருடத்துக்குள் ஒருவர் நிரலைத் திறந்து, அடுத்த பதிப்புக்கு மாற்றி, சோதித்து, ஒவ்வொரு மில்லாகப் போய் நிறுவ வேண்டும். இந்தச் செலவை யார் தருவார்? மில்காரர் ஒரு தடவை வாங்கிய சாமானுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காசு கேட்பதை எப்படி விளங்கப்படுத்துவது? எனக்கு இதுவே கனமான கேள்வி.

ரன்டைமையும், அதாவது மென்பொருளை ஓட்டும் டொட்நெட் பாகத்தையும், மென்பொருளோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கலாம். நிறுவுவது லேசு. ஆனால் அப்படிக் கட்டினால் அந்த ரன்டைமுக்கான திருத்தம் விண்டோஸ் அப்டேட்டில் வராது. நாங்கள்தான் திரும்பக் கட்டி அனுப்ப வேண்டும்.

மாற்றும் வேலையிலும் குழிகள் உண்டு. ஒரு மில்லுக்கு டொட்நெட் 8இல் மாற்றிக் கொடுத்த அன்று பில் திரையில் 'மொத்தம்' பெட்டியைக் காணவில்லை. கணக்குப்பிள்ளை என்னைப் பார்க்கிறார், வெளியே லொறி நிற்கிறது. காரணம் எழுத்துரு. பழைய வீட்டில் வழக்கமான எழுத்துரு மைக்ரோசொப்ட் சான்ஸ் செரிஃப், அளவு 8.25, புது வீட்டில் சீகோ யூஐ, அளவு 9. ஃபோர்ம் பெருத்து, கீழ்வரிசை அந்தச் சின்னத் திரைக்கு வெளியே போய்விட்டது. தொடக்கத்தில் பழைய எழுத்துருவைக் குறிப்பிட ஒரு வரி போதும், அதை முதலே செய்திருக்க வேண்டும். தராசைப் படிக்கும் சீரியல் போர்ட் நிரலுக்கும் புது வீட்டில் தனிப் பொதி சேர்க்க வேண்டும்; சேர்த்தால் ஓடும். ரிப்போர்ட்தான் பெரிய தலையிடி. ரிப்போர்ட் வரையும் கருவியான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸின் விஷுவல் ஸ்டுடியோ பதிப்பு ஃபிரேம்வொர்க்கை விட்டு வராது. நாற்பது ரிப்போர்ட் இருந்தால் நாற்பதையும் வேறு கருவியில் புதிதாக வரைய வேண்டும்.

அப்புறம் விண்டோஸ் 7. இன்னும் சில மில்களில் அந்தக் கணினிகள் இருக்கின்றன. 4.8 அதில் ஏறும். டொட்நெட் 10க்கு அங்கே இடமில்லை. விண்டோஸ் 7க்கே ஆதரவு போய்விட்டதால் இதை 4.8இன் புள்ளியாக நான் எண்ணவில்லை. கணினியை மாற்றச் சொல்வதுதான் நேர்மை.

மற்றத் தெரிவுகளில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. விண்டோஸ் திரைகளைக் கட்டும் மற்றொரு மைக்ரோசொப்ட் கருவியான டபிள்யூபிஎஃப் 2006இல் வந்தது. அதுவும் இதே இரண்டு வீட்டில்தான் குடியிருக்கிறது, ஆகவே ஆயுளும் அதே. ஆயுளுக்காக மட்டும் அதற்கு மாற்றி எழுதுவது வீண். இணையத்தில் ஓடும் வடிவம் கடைக்குச் சரிவரலாம். இணையம் விட்டுவிட்டு வரும் மில்லில், தராசும் பிரிண்டரும் கணினியில் பூட்டியிருக்கையில், நான் துணியமாட்டேன்.

டொட்நெட்டுக்கு முந்திய மைக்ரோசொப்ட் நிரல்மொழியான விஷுவல் பேசிக் 6ஐப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அதை எழுதும் கருவிக்கு ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தது. ஓட்டும் பாகம் விண்டோஸ் 11இலும் ஓடுகிறது. அப்படியென்றால் அதிலேயே இருந்துவிடலாமே என்பவர்களுக்கு எங்கள் மொழி ஒரு பதில் வைத்திருக்கிறது. அதன் சாதாரணப் பெட்டிகளில் யுனிகோட் தமிழ் வராது. அதனால்தான் அந்தக் கால மென்பொருளில் விவசாயியின் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது; எழுத்துருவை எடுத்துவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். வின்ஃபார்ம்ஸில் இரண்டு வீட்டிலும் யுனிகோட் நேராக வரும். பாமினியில் தரவு வைத்திருப்பவர்கள் வீட்டைப் பற்றி யோசிக்க முன் அதை மாற்றட்டும்.

ஹாஜியாருக்கு நான் சொன்னது: இப்போது ஓடுவது 4.8இலேயே இருக்கட்டும், பழைய கணினியை மட்டும் மாற்றுங்கள். புதிதாகத் தொடங்கும் வேலையை டொட்நெட் 10இல் செய்கிறேன், ஆனால் வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தை முதல் நாளே பேசிக்கொண்டு. இடையில் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டேன். எடை, ஈரக் கழிவு, தரகு, விலை என்ற கணக்குகளைத் திரையிலிருந்து பிரித்து டொட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0 நூலகமாக (இரண்டு வீட்டுக்கும் பொதுவான தனி நிரல் தொகுப்பாக) ஆக்குகிறேன். அதை 4.8உம் எடுக்கும், 10உம் எடுக்கும். ஈரக் கழிவு முடிந்துவிட்டது. சிறுபோக நெல் வரமுன் தரகையும் முடித்துவிட்டால், அந்தப் பருவம் முழுவதும் பழைய திரையில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.